எல்லையோர ஊர்களில் தொற்றுநோய் ஆய்வு: உள்ளூர் ஹிஸ்பானிக் செவிலியர், மருத்துவர்களுக்கு எந்த மாதிரிப் பயிற்சி வேண்டும்?

பாலைவெயில் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். டெக்சாஸின் எல் பாசோவில் காசநோய் ஆய்வு ஒன்றில் கள ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். இந்த மன்றத்தில் பொதுச் சுகாதாரம் படித்தவர்கள், ஆய்வகத்தில் இருப்பவர்கள் பலர் உண்டு என்பதால் இங்கே கேட்கிறேன்.

எல் பாசோவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ரியோ கிராண்டே ஆற்றின் இந்தக் கரையில் எல் பாசோ, அந்தக் கரையில் மெக்சிகோவின் ஹுவாரெஸ். இரண்டு ஊரையும் சேர்த்தால் இருபது லட்சம் பேருக்கு மேல். காலையில் பாலத்தில் நின்று பார்த்தால் பள்ளிக்கு வரும் பிள்ளைகள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், பல் வைத்தியத்துக்கும் மருந்து வாங்கவும் அந்தப் பக்கம் போகிறவர்கள் என்று கூட்டம் இரண்டு திசையிலும் நகர்ந்துகொண்டே இருக்கும். 1983-இல் சுற்றுச்சூழலுக்காக லா பாஸ் ஒப்பந்தம் போட்டபோது, கோட்டுக்கு இருபுறமும் 100 கிலோமீட்டரை ஒரே எல்லைப் பகுதியாக இரு நாடுகளும் வரையறுத்துக்கொண்டன. காசநோய்க்கும் அந்தக் கணக்குதான் பொருந்தும். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். ஒருவருக்கு இருமல் இந்தப் பக்கம் ஆரம்பிக்கும், சளிப் பரிசோதனை அந்தப் பக்கம் நடக்கும், மூன்றாவது மாதம் வேலை தேடி வேறு மாநிலத்துக்குப் போயிருப்பார்.

இப்போது என் கேள்வி. எல்லைப் பகுதி ஆய்வுக் குழுக்களில் ஸ்பானிய மொழி பேசும் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) செவிலியர்களும் ஆய்வக நுட்புநர்களும் நிறைய இருக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுவது, ரத்தம் எடுப்பது, வராத நோயாளியை வீடு தேடிப் போவது எல்லாம் அவர்கள் வேலை. எதை ஆராய்வது என்று முடிவு செய்வதும், எண்களை அலசுவதும், கட்டுரை எழுதுவதும் வேறு எங்கோ நடக்கும். நோயாளிகள் எந்தக் கட்டத்தில் மருந்தை விடுகிறார்கள், ஏன் விடுகிறார்கள் என்று வருடக்கணக்காகக் களத்தில் இருக்கும் ஒரு செவிலியருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை ஆய்வுக் கேள்வியாக மாற்ற யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. பயிற்சி என்ற பெயரில் இரண்டு நாள் பட்டறை நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் பலன் தந்த பயிற்சி எது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தூரதேசி:

அக்கா, எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். கிருமிக்கு இனம் கிடையாது. தொற்றுநோயியல் ஒரு முறையியல். அதை ஒழுங்காகக் கற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தால் என்ன? எல்லைப் பகுதியில் நடந்ததில் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த ஆய்வு 1999-இல் ஆற்றின் இரு கரையில் இருக்கும் லரேடோவிலும் (டெக்சாஸ்) நுவேவோ லரேடோவிலும் (மெக்சிகோ) நடந்த டெங்கு ஆய்வு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் பூச்சியியலாளர் பால் ரைட்டர் தலைமையில் வெளியிலிருந்து வந்த குழு செய்தது. உள்ளூர் ஆள்தான் செய்ய வேண்டும் என்றால் அந்த ஆய்வே நடந்திருக்காது.

மேசைவிளக்கு:

தூரதேசி குறிப்பிட்ட ஆய்வு அருமையானது, மறுக்கவில்லை. படிக்காதவர்களுக்காக: 1980 முதல் 1999 வரை டெக்சாஸில் உள்ளூரிலேயே தொற்றியதாகப் பதிவான டெங்கு 64. அதே காலத்தில் எல்லையை ஒட்டிய மூன்று மெக்சிகோ மாநிலங்களில் டெங்கு என்று சந்தேகிக்கப்பட்டவை 62,514. ஆற்றுக்கு இருபுறமும் ஒரே கொசு, ஒரே வெயில். பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் கேள்வி. போய்ப் பார்த்தால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு அமெரிக்கப் பக்க லரேடோவில்தான் அதிகம். ஆனால் அண்மையில் தொற்று வந்ததைக் காட்டும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் நுவேவோ லரேடோவில் 16 சதவீதம் பேருக்கு, லரேடோவில் 1.3 சதவீதம் பேருக்கு. ஏசி போட்டு, கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு வாழும் வீட்டில் கொசுவும் மனிதனும் சந்திப்பதே குறைவு என்பதுதான் முக்கிய விளக்கம்.

ஆனால் அத்தோடு கதை முடியவில்லை. 2004-இல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் பிரவுன்ஸ்வில், மாத்தமோரோஸ் என்ற இன்னொரு இரட்டை ஊரில் ரத்தப் பரிசோதனை நடத்தினார்கள். எப்போதோ ஒரு முறையாவது டெங்கு வந்து போனவர்கள் மாத்தமோரோஸில் 78 சதவீதம், பிரவுன்ஸ்வில்லில் 40 சதவீதம். அமெரிக்க மண்ணில் பத்தில் நான்கு பேர்! பழைய தொற்றோடு சேர்ந்து வந்தவை என்னவென்று பார்த்தால் குறைந்த வார வருமானம், ஏசி இல்லாத வீடு, தெருவில் தண்ணீர் வடியாமல் நிற்பது. அதாவது நாட்டுக்கு நாடு என்று தெரிந்த வித்தியாசம் ஒரே ஊருக்குள் தெருவுக்குத் தெரு இருக்கிறது. எந்தத் தெருவில் ஏசி பெட்டி இருந்தும் கரண்ட் பில்லுக்குப் பயந்து போடாமல் இருக்கிறார்கள் என்பதை அந்த ஊரில் வளர்ந்த செவிலியர் முதல் நாளே சொல்லிவிடுவார். அக்கா சொல்வது அந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

பாலைவெயில்:

ஆமாம், அதுதான். தூரதேசி, வெளியூர்க்காரரால் முடியாது என்று நான் சொல்லவில்லை. கொள்ளைநோய் வரும்போது வந்து, கூர்மையான ஒரு கேள்வி கேட்டு, பதிலோடு போகிறவர்கள் தேவை. ஆனால் சில கேள்விகள் அங்கேயே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தோன்றும். அதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பிரவுன்ஸ்வில்லில் பிளாங்கா ரெஸ்ட்ரெப்போ குழு செய்த வேலை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளிக்கு அந்த ஊரிலேயே ஒரு வளாகம் இருக்கிறது. அங்கிருந்தபடி ஆற்றுக்கு இருபுறமும் காசநோயாளிகளைப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் சர்க்கரை நோய், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. சர்க்கரை இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்பது பல நாடுகளில் தெரிந்த விஷயம். எல்லைப் பகுதியில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். காசநோய் ஒழிப்புக்கு இருமல் நோயாளியை மட்டும் தேடினால் போதாது, சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வருபவரையும் பார்க்க வேண்டும் என்று அதிலிருந்து தெரிகிறது.

காசநோய்க்கு ஒரு துறை, சர்க்கரைக்கு இன்னொரு துறை என்று பிரித்து வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தில் இந்த இணைப்பு கண்ணில் படத் தாமதமாகும். ஒரே சின்ன கிளினிக்கில் இரண்டு நோயாளிகளையும் ஒரே செவிலியர் பார்க்கிற ஊரில் அது தினமும் கண்ணெதிரே நடக்கிறது.

வேப்பங்காற்று:

கலிபோர்னியாவின் எல்லையோர ஊரான சான் டியேகோவில் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பாலாடைக்கட்டி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இங்கே குழந்தைகளுக்கு வரும் காசநோயில் ஒரு பெரிய பங்கு மனிதக் காசநோய்க் கிருமியால் வருவதில்லை. மாட்டுக்கு வரும் மைக்கோபாக்டீரியம் போவிஸ். 1994 முதல் 2005 வரை சான் டியேகோவில் வளர்ப்புச் சோதனையில் உறுதியான குழந்தைக் காசநோயில் 45 சதவீதம் இந்தக் கிருமிதான். பெரும்பாலும் மெக்சிகோவோடு தொடர்புள்ள ஹிஸ்பானிக் குடும்பங்கள். காய்ச்சாத பாலில் செய்த புதுப் பாலாடைக்கட்டி முக்கியக் காரணம் என்று சந்தேகம். கேசோ ஃப்ரெஸ்கோ என்பார்கள். பாட்டி ஊரிலிருந்து வரும்போது பையில் வைத்துக் கொண்டு வருவார், அத்தை ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருவார். நுரையீரலில் அல்லாமல் கழுத்துக் கட்டியாக, வயிற்று வலியாக வருவதால் கண்டுபிடிக்கவும் தாமதம். அந்தக் கிருமிக்குப் பைரசினமைடு என்ற வழக்கமான மருந்து வேலை செய்யாது என்பது இன்னொரு தலைவலி.

இதை எப்படித் தடுப்பது? "அந்தப் பாலாடைக்கட்டியைச் சாப்பிடாதீர்கள்" என்று துண்டறிக்கை கொடுத்தால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். எல்லையிலிருந்து தள்ளி, வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா பகுதியில் 1997-இல் இதே வகைப் பாலாடைக்கட்டியால் சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி பரவியபோது அங்கே வேறு வழி கண்டார்கள். அபுவேலா திட்டம் என்று பெயர், ஸ்பானிய மொழியில் அபுவேலா என்றால் பாட்டி. காய்ச்சிய பாலில் அதே ருசி வரும்படி ஒரு செய்முறையை உருவாக்கி, ஹிஸ்பானிக் பாட்டிமார்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் மற்ற வீடுகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நோய் குறைந்தது. எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு சூடாக்கினால் ருசி கெடாது என்பதும் அங்கே ஆய்வுக் கேள்விதான். அந்தக் கேள்வியை மதிக்கிற ஆராய்ச்சியாளர் வேண்டும். எங்கள் பிரிவில் இருக்கும் மெக்சிகோ வம்சாவளிச் செவிலியர்களிடம் இப்படிப் பத்து யோசனை இருக்கிறது. அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்க ஆள் இல்லை.

தூரதேசி:

சரி, இது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாட்டிமார்களும் புரோமோத்தோரா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களும் செய்வது சுகாதாரக் கல்வி. நாம் பேசுவது ஆய்வுப் பயிற்சி. புரோமோத்தோராவுக்கா, செவிலியருக்கா, முனைவர் பட்டத்துக்கு வருபவருக்கா, யாருக்கு என்ன பயிற்சி? எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் எதுவும் நடக்காது.

வேப்பங்காற்று:

தம்பி, புரோமோத்தோராவைக் கல்வி வேலைக்கு மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் அதே தெருவில் வசிக்கும் சுகாதாரப் பணியாளர்கள். டெக்சாஸ் 1999-லேயே அவர்களுக்கென்று சட்டம் கொண்டுவந்தது. டெக்சாஸ் எல்லையில் 2,000-க்கு மேற்பட்ட கொலோனியாக்கள் உண்டு. குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் இல்லாமல் மனை போட்டு விற்ற குடியிருப்புகள். பலவற்றுக்கு ஒழுங்கான முகவரியே கிடையாது. அங்கே மாதிரிக் கணக்கெடுப்புக்கு வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் வரைபடம் போடுவதே அவர்கள்தான். அது மாதிரி எடுத்தல் இல்லையா? அந்த வேலைக்கான கோட்பாட்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் கொண்டுவரும் தரவின் தரமே மாறும்.

மறுகரை:

தாமதமாக வருகிறேன். முதுமுனைவர் ஆய்வுக்காகச் சான் டியேகோவுக்கு எதிரே மெக்சிகோ பக்கம் இருக்கும் திஹுவானாவில் இருந்தேன். இதுவரை எல்லோரும் ஆற்றின் வடகரையிலிருந்து பேசியதால் தென்கரையைப் பற்றிக் கொஞ்சம்.

மெக்சிகோவில் மருத்துவம் படிப்பவர் பட்டம் வாங்குமுன் ஒரு வருடம் சமூக சேவை செய்தாக வேண்டும். 1936-இல் தொடங்கிய முறை. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் பல நேரம் அந்த இளம் மருத்துவர் ஒருவர்தான். விநோதமான காய்ச்சலை முதலில் பார்ப்பவரும் அவரே. 2008-2009 வாக்கில் மெக்சிகோவின் எல்லையோர ஊரான மெக்சிகாலியில் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் கிளம்பியபோது என்ன நடந்தது என்று பாருங்கள். வழக்கமாகக் காட்டு உண்ணியால் வரும் நோய் அங்கே தெருநாயின் பழுப்பு உண்ணியால் ஊருக்குள் பரவியது. எல்லைக்கு இந்தப் பக்கம் அரிசோனாவின் பழங்குடி நிலங்களிலும் அதே உண்ணியால் அதே நோய் ஏற்கெனவே வந்திருந்தது. முதல் சில நாட்களில் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்தால் பிழைப்பார்கள், தாமதித்தால் இறப்பார்கள். ஆரம்பத்தில் டெங்கு போலவே இருக்கும். குழந்தைக்கு டாக்சிசைக்ளின் கொடுக்கக் கூடாது என்ற பழைய பயம் வேறு. சேவை வருடத்தில் இருக்கும் அந்த இளம் மருத்துவருக்கு ஒரு நோயாளிப் பட்டியலை ஒழுங்காகத் தொகுக்கவும், தேதி, வீடு, நாய், புள்ளி வந்த நாள் ஆகியவற்றைப் பதியவும் பயிற்சி இருந்தால் அடுத்த ஊருக்கு எச்சரிக்கை எத்தனை முன்னதாகப் போகும்!

ஆகவே "ஹிஸ்பானிக் சுகாதாரப் பணியாளர்" என்று சொல்லும்போது அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை மட்டும் நினைத்தால் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள். நிதி தருகிற திட்டங்கள் பெரும்பாலும் குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை கேட்கும். தென்கரைச் செவிலியருக்கு அதில் இடமில்லை. ஒரே ஆய்வுக்கு இரு நாட்டு நெறிமுறைக் குழுக்களின் அனுமதி வேண்டும், ரத்த மாதிரி பாலம் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும், கடவுப்பத்திரம் இல்லாத நுட்புநர் இந்தப் பக்கக் கருவியைத் தொட்டுப் பழக முடியாது. இதெல்லாம் பயிற்சித் திட்டம் போடும்போதே யோசிக்க வேண்டியவை. நடந்த நல்ல உதாரணமும் உண்டு. திஹுவானாவில் 2011 முதல் மாணவர்கள் நடத்தும் இலவச கிளினிக்கில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களும் பாஹா கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்தே நோயாளியைப் பார்க்கிறார்கள். காசநோய் மாத்திரை விழுங்குவதை நோயாளியே கைப்பேசியில் படமெடுத்து அனுப்பும் முறையைச் சான் டியேகோ, திஹுவானா இரண்டு ஊரிலும் சேர்த்தே சோதித்துப் பார்த்தார்கள். ஆள் எந்தப் பக்கம் இருந்தாலும் சிகிச்சை அறுந்துபோகாமல் இருக்க அது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்.

கரிசல்:

படித்துக்கொண்டே வந்தேன். ஒரு கேள்வி. நோயாளிகள் ஆராய்ச்சியாளர்களை நம்புகிறார்களா? அதுவும் இப்போது குடியேற்றச் சோதனை இருக்கும் சூழலில் வீட்டு முகவரி எழுதச் சொன்னால் யார் எழுதுவார்கள்?

பாலைவெயில்:

கரிசல், கேட்க வேண்டிய கேள்வி. இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1917 ஜனவரியில் பேனால் பரவும் டைஃபஸ் காய்ச்சல் பயத்தால் எல் பாசோ பாலத்தில் மெக்சிகோவிலிருந்து வருபவர்களைத் துணி களைய வைத்து, துணியை நீராவியில் போட்டு, பேன் மருந்து பூசிக் குளிக்கவைத்து அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். மண்ணெண்ணெய், வினிகர் என்று பூசினார்கள். ஜனவரி 28 அன்று ஹுவாரெஸிலிருந்து வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த கார்மெலிட்டா டோரெஸ் என்ற 17 வயதுப் பெண் அந்தக் குளியலுக்கு மறுத்து டிராமிலிருந்து இறங்கினார். உடன் வந்த பெண்களும் சேர்ந்துகொள்ள, கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகிப் பாலத்தையே மறித்தது. ஆனாலும் அந்தக் குளியல் முறை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. கிருமித் தடுப்பு என்ற பெயரில் பாலத்தில் நடந்த அவமானம் இந்த ஊர்க் குடும்பங்களில் பேச்சாகவே வருகிறது. என்னோடு வேலை செய்யும் ஒரு செவிலியரின் கொள்ளுப்பாட்டி அந்த வரிசையில் நின்றவர். அவர் ஒப்புதல் படிவத்தை விளக்கும்போது அவசரப்படுவதே இல்லை. "இந்தத் தாள் யார் கைக்குப் போகும், யார் கைக்குப் போகாது" என்பதிலிருந்து தொடங்குகிறார்.

அதனால்தான் பயிற்சியில் ரகசியக் காப்பு ஒரு தனிப் பாடமாக இருக்க வேண்டும் என்கிறேன். தேவையில்லாத விவரத்தைக் கேட்கவே கூடாது. முகவரிக்குப் பதில் தெருவின் முனை போதுமென்றால் முனையை எழுதினால் போதும். நீதிமன்றமே கேட்டாலும் ஆய்வுத் தரவைக் கொடுக்க வேண்டாம் என்று பாதுகாப்புத் தரும் சான்றிதழை அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார ஆய்வு நிறுவனமான என்ஐஎச் வழங்குகிறது. அது என்ன, எதுவரை காக்கும் என்பது களத்தில் நிற்பவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். தலைமை ஆய்வாளருக்கு மட்டும் தெரிந்திருந்தால் பயனில்லை, கதவைத் தட்டுபவர் அவரில்லையே.

எண்மாலை:

புள்ளியியல் மாணவி. ஹூஸ்டனில் படிக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் விட்டுப்போன ஒன்று: வகுத்தி.

நோய் விகிதம் என்றால் மேலே நோயாளிகள், கீழே மக்கள்தொகை. எல்லையில் கீழே போடும் எண் எது? ஹுவாரெஸில் தூங்கி எல் பாசோவில் வேலை செய்பவர் எந்த ஊரின் மக்கள்தொகை? அமெரிக்கக் கணக்கெடுப்பு அவரை எண்ணாது. மெக்சிகோ எண்ணும். அவர் நோயை எல் பாசோ மருத்துவமனை பதியும். ஆக மேலே இருப்பவர் கீழே இல்லை. எல் பாசோ விகிதம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும், ஹுவாரெஸ் விகிதம் குறைவாகத் தெரியும். இரண்டு பக்கமும் தங்கள் எண்ணை நம்பிப் பணத்தை ஒதுக்கும். ஒரே நோயாளி இரண்டு நாட்டிலும் பதிவானால் இரண்டு முறை எண்ணுவோம், இரண்டிலும் விடுபட்டால் ஆளே இல்லை.

இதைச் சரிசெய்யத்தான் 1997-இல் இரு நாடுகளும் சேர்ந்து பிட்ஸ் என்ற எல்லைத் தொற்றுநோய்க் கண்காணிப்பைத் தொடங்கின. இரண்டு பக்கத்திலும் குறிப்பிட்ட மருத்துவமனைகளில் ஒரே நோய் வரையறை, ஒரே வகைப் பரிசோதனை. இரு நாட்டிலும் தொடர்புள்ள நோயாளி என்ற வகையையே தனியாக வரையறுத்தார்கள். எனக்கு இது மிகவும் அழகான யோசனையாகப் படுகிறது. ஆனால் இதை நடத்த இரண்டு நாட்டு நோய் அறிவிப்புப் படிவங்களையும் வாசிக்கத் தெரிந்த, ஸ்பானிய மொழியில் தொலைபேசியில் சண்டை போடாமல் பேசித் தகவல் வாங்கத் தெரிந்த, அதோடு வகுத்தியின் சிக்கலும் புரிந்த ஆள் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த ஆட்கள் குறைவு. வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் மாதிரித் தரவில் எல்லோரும் ஓர் ஊரில் பிறந்து அதே ஊரில் நோய்ப்பட்டுச் சாகிறார்கள். எல்லைப் பகுதிக்கான பயிற்சியில் முதல் வாரமே இந்த அழுக்குத் தரவைக் கையில் கொடுக்க வேண்டும்.

இன்னொரு எண்ணும் சொல்கிறேன். 2020 கணக்கெடுப்பில் அமெரிக்க மக்களில் 18.7 சதவீதம் ஹிஸ்பானிக். 2018-இல் பணியில் இருந்த மருத்துவர்களில் 5.8 சதவீதம். எல் பாசோவில் நான்காண்டு மருத்துவப் பள்ளியே 2009-இல்தான் முதல் வகுப்பைத் தொடங்கியது. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் 2016. இந்தக் கல்லூரிகளுக்கு முன்னால் டாக்டராக ஆசைப்பட்ட ஊர்ப்பிள்ளை சான் அந்தோனியோவுக்கோ ஹூஸ்டனுக்கோ போக வேண்டும். போனவர்களில் பலர் திரும்பவில்லை.

மேசைவிளக்கு:

எண்மாலை, அருமை. பல்கலைக்கழகப் பக்கமும் ஒன்று சேர்க்கிறேன். எல் பாசோவில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம், நாங்கள் யூடெப் என்போம், அங்கே 1992 முதல் எல்லை உயிர்மருத்துவ ஆய்வு மையம் என்ஐஎச் நிதியில் நடக்கிறது. மாணவர்களில் மிகப் பெரும்பான்மை ஹிஸ்பானிக், பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரி, தினமும் பாலம் தாண்டி வருபவர்களும் உண்டு. 2019 தொடக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகம் நாட்டின் முதல் தர ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆய்வகம், நிதி, வழிகாட்டி மூன்றும் ஊரிலேயே இருந்தால் பிள்ளைகள் ஊரிலேயே இருக்கிறார்கள். நான் பார்த்தவரை வேறு எதையும்விட இதுதான் வேலை செய்தது. இளங்கலை மாணவருக்கு ஆய்வகத்தில் சம்பளத்தோடு வேலை கிடைத்தால் அவர் இரவு உணவகத்தில் பரிமாறப் போக வேண்டியதில்லை. அந்த மணி நேரத்தில் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனையைக் கற்றுக்கொள்கிறார். பல திட்டங்களின் வெற்றிக்கு அடியில் இருப்பது அந்தச் சம்பளம்தான்.

தூரதேசி:

நிறையக் கற்றுக்கொண்டேன். வகுத்தி விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. உள்ளூர் அறிவு ஆய்வின் தரத்தையே மாற்றுகிறது என்பதை ஏற்கிறேன்.

ஆனால் ஒரு கருத்தை விடமாட்டேன். இனப் பெயரைத் தகுதியாக வைப்பது பலவீனமான அடித்தளம். 2025 வசந்த காலத்தில், ஆய்வுத் துறையில் குறைவாக இருக்கும் பிரிவினரின் இளங்கலை மாணவர்களுக்கான மார்க் உள்ளிட்ட பல பழைய பயிற்சித் திட்டங்களை என்ஐஎச் நிறுத்தியதைப் பார்த்தோம். அரசியல் மாறினால் பெயர்தான் முதலில் அடிபடும். இருமொழித் திறமை, எல்லை மாவட்டத்தில் வளர்ந்தது அல்லது வேலை செய்தது, திரும்பி அங்கே சில வருடம் பணியாற்ற ஒப்புக்கொள்வது என்று தகுதிகளை வைத்தால் அதே ஆட்கள்தான் வருவார்கள். மியாமியில் வசதியாக வளர்ந்த ஒரு ஹிஸ்பானிக் மாணவருக்குக் கொலோனியா தெரியாது. எல்லையில் வளர்ந்த வேறு இனத்தவருக்குத் தெரியலாம்.

பாலைவெயில்:

தகுதியை அப்படி எழுதலாம், நானே ஆதரிப்பேன். குறிப்பாகத் திரும்பி வந்து பணியாற்றுவது. ஆனால் பெயரைச் சொல்லாமல் விட்டால் யார் விடுபட்டார்கள் என்று எண்ணவும் முடியாது தம்பி. எண்மாலை சொன்ன 5.8 சதவீதம் எண்ணியதால்தான் தெரிந்தது. இங்கே நாம் முழுதாக ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை.

இழையில் வந்தவற்றையும் நான் பார்த்தவற்றையும் வைத்து, எங்கள் பகுதிக்கு ஒரு திட்டம் எழுதச் சொன்னால் நான் எதைப் பிடிவாதமாகக் கேட்பேன் என்று சொல்கிறேன். வேலையிலிருக்கும் செவிலியருக்கு வாரத்தில் ஒரு முழு நாள், சம்பளத்தோடு, இரண்டு வருடத்துக்காவது. அந்த நாளில் அவரை வார்டுக்கு இழுக்கக் கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனையில் ஆய்வு நாள் என்று கொடுத்துவிட்டு ஆள் குறைந்தபோதெல்லாம் திரும்ப அழைத்தார்கள், ஒரு வருடத்தில் அந்தப் பெண் விட்டுவிட்டார். அப்புறம் தரவு. அவர் சேகரித்த தரவை அவரே திறந்து பார்க்கும் அனுமதியும், அதை அலசும் மென்பொருளும், கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க எண்மாலை மாதிரி ஒருவரும். கேள்வி அவருடையது என்றால் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது, இது ஆரம்பத்திலேயே பேசி முடிவாக வேண்டும். மறுகரை சொன்னபடி தென்கரையிலிருந்து ஒரு இணை. ஜோடியாகச் சேர்த்தால்தான் இரண்டு பக்கத் தரவும் ஒரே மேசைக்கு வரும். பயிற்சி முடிந்தபின் மாவட்டச் சுகாதாரத் துறையில் ஒரு பணியிடம். இது இல்லாவிட்டால் நாம் பயிற்சி கொடுத்த ஆளை டாலஸ் மருந்து நிறுவனம் எடுத்துக்கொள்ளும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பட்டறைகளை நான் வெறுக்கவில்லை. ஆனால் 2020 நவம்பரில் கோவிட்டால் எல் பாசோவில் பிணவறை போதாமல் குளிர்சாதன லாரிகள் நின்றபோது, எந்தத் தெருக்களில் முதலில் பரிசோதனை முகாம் போடுவது என்று தெரிந்திருந்தவர்கள் இந்தச் செவிலியர்களும் புரோமோத்தோராக்களும்தான். அவர்களிடம் கேட்கத் தாமதமானது. அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை.

மறுகரை:

ஜோடி யோசனைக்கு ஒரு கூடுதல். நெறிமுறைக் குழு விண்ணப்பத்தை இரண்டு மொழியிலும் அந்த ஜோடியே எழுதட்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதி அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு ஸ்பானிய மொழிக்கு மாற்றுகிறார்கள். தென்கரைக் குழு கேட்கும் கேள்விகளுக்கு அப்போது பதில் இருக்காது, மாதக்கணக்கில் தாமதம்.

புதுவரவு:

வணக்கம், டெக்சாஸ் எல்லையோரத்தில் மெக்காலனில் செவிலியராக இருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் தோழி அந்தப் பக்கம் மெக்சிகோவின் ரெய்னோசாவில் பிறந்து இங்கே படித்தவர், நாற்பதை நெருங்குகிறார், இரண்டு பிள்ளைகள். டெங்குவும் சர்க்கரையும் சேர்ந்து வந்தவர்களைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே இருப்பார். அவருக்கு இந்த இழையை மொழிபெயர்த்துச் சொன்னேன். எங்கே தொடங்கலாம் என்று கேட்கிறார்.

பாலைவெயில்:

நாற்பது ஒன்றும் தாமதமில்லை. பொதுச் சுகாதாரப் பள்ளியின் பிரவுன்ஸ்வில் வளாகம் அவருக்கு ஒரு மணி நேரத் தூரம். முதுநிலைப் படிப்பு பகுதிநேரமாகச் செய்ய முடியுமா என்று நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த நோட்டு. அதில் நோயாளி பெயர் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அலுவலகத்துக்குப் போய், பழைய நோயாளிப் பதிவுகளை வைத்து ஆய்வு செய்ய விண்ணப்பம் எப்படி என்று கேட்டால் படிவம் தருவார்கள். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பட்டும், ஸ்பானிய மொழியிலேயே இருக்கலாம்.

எண்மாலை:

மாதிரி அளவு கணக்கை நான் போட்டுத் தருகிறேன் அக்கா. எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை பதிவுகள் இருக்கின்றன என்று மட்டும் அவரைக் கேட்டுச் சொல்லுங்கள்.